1991-ல் கட்டிய சுவர் வீடு: மேலே மாடி எடுக்கலாமா?

மன்னைக்காரன் · ஞாயிறு இரவு 9.40

வணக்கம். எங்க வீடு மன்னார்குடி பக்கத்துல ஒரு கிராமம். 1991-ல அப்பா கட்டினது. பில்லர் கிடையாது. எல்லாம் ஒன்பது இன்ச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், அதுக்கு மேல சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு ஓடு பதிச்சிருக்கு. ஹால், ரெண்டு ரூம், சமையல்கட்டு, முன்னால திண்ணை.

தம்பிக்குத் தை மாசம் கல்யாணம். மேலே கீழ இருக்கிற மாதிரியே ஒரு போர்ஷன் எடுத்துக் கொடுத்துடணும்னு அப்பாவுக்கு ஆசை. மேஸ்திரி வந்து பார்த்தாரு. சுவத்தை ரெண்டு தட்டு தட்டிட்டு, "ஒன்பது இன்ச் சுவரு தம்பி, ரெண்டு மாடி தாங்கும், பயப்படாதீங்க"ன்னாரு. ஹால் சின்னதா இருக்கிறதால ஹாலுக்கும் முன் ரூமுக்கும் நடுவுல இருக்கிற சுவத்தை எடுத்துட்டு ஒரு பீம் போட்டுக்கலாம்னும் சொல்றாரு. மொட்டை மாடியில 2000 லிட்டர் டேங்க் வேற.

எனக்கு மனசு ஒப்பலை. காரணம், சமையல்கட்டு ஜன்னல் மூலையிலேர்ந்து சாய்வா மேல ஏறுற ஒரு வெடிப்பு. பத்து வருஷமா இருக்கு. ரெண்டு தடவை பூசியாச்சு, திரும்பத் திறக்குது. ஒரு போஸ்ட் கார்டு நுழையும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேராவூரணி கொத்தனார் · ஞாயிறு இரவு 10.25

தம்பி, 28 வருஷமா கரண்டி பிடிக்கிறேன். சுவர் வீடுன்னா இளப்பமா பார்க்காதீங்க. இப்போ எல்லாரும் பில்லர் பில்லர்னு நிக்கிறாங்க. தஞ்சாவூர் பெரிய கோயில் 1010-லேர்ந்து நிக்குது. கல்லு மேல கல்லுதான், உள்ள கம்பி இருக்கா? செட்டிநாட்டு வீடெல்லாம் சுவர்லதான நிக்குது? நல்லா வெந்த செங்கல், நல்ல கலவை, தூக்குக்குண்டு பார்த்துக் கட்டின சுவர்னா மேல ஒரு மாடி தாராளமா எடுக்கலாம். நானே பத்துப் பதினஞ்சு வீட்டுக்கு எடுத்துக் கொடுத்திருக்கேன்.

ஆனா அந்த நடுச்சுவத்தை எடுக்கிற பேச்சு எனக்குப் பிடிக்கலை. அதை மட்டும் யோசிங்க.

சுமைவழி · திங்கள் காலை 7.10

நான் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர், திருச்சி. கொத்தனார் அண்ணன் சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது. சுவர் வீடு தாழ்ந்தது, பில்லர் வீடு உயர்ந்தது என்பது தவறான எண்ணம். இரண்டும் இரண்டு முறை, அவ்வளவுதான். சுவர் வீட்டில் தளத்தின் எடை சுவரின் முழு நீளத்துக்கும் பரவி இறங்குகிறது. பில்லர் வீட்டில் தளத்திலிருந்து பீமுக்கும், பீமிலிருந்து பில்லருக்கும், அங்கிருந்து அதன் அடியில் இருக்கும் அஸ்திவாரமான ஃபுட்டிங்குக்கும் போகிறது. நடுவில் இருக்கும் செங்கல் வெறும் தடுப்பு. எந்த முறையானாலும் மேலே வைக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் மண் வரைக்கும் அறுபடாத பாதை வேண்டும்.

அதனால் "சுவர் தாங்குமா" என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்கிறோம். மன்னை தம்பி, அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்: வானம், அதாவது அஸ்திவாரக் குழி, எத்தனை அடி தோண்டினார்கள்? அடியில் அகலம் என்ன? என்ன மண்? கலவை என்ன?

மன்னைக்காரன் · திங்கள் மதியம் 1.30

அப்பாவுக்கு நல்லா ஞாபகம் இருக்கு சார். நாலு அடி வானம், அடியில மணல் கொட்டித் தண்ணி விட்டு இறுக்கி, அதுக்கு மேல ஜல்லி கான்கிரீட், ரெண்டரை அடி அகலம். அங்கேர்ந்து செங்கல் படிப்படியா குறுகி பேஸ்மட்டம் வரைக்கும் வருது. கலவை ஆறுக்கு ஒண்ணு. கல்லு பக்கத்து சூளைக் கல்லு. மண்ணு களி. கோடையில கால் நுழையற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில உப்பிக்கும். வீட்டுக்குப் பின்னால நூறு அடியில வாய்க்கால்.

சுமைவழி · திங்கள் இரவு 9.15

நன்றி தம்பி, இது போதும். கணக்கை வெளிப்படையாகவே போடுகிறேன், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். இதை வைத்து வீடு கட்டிவிடக் கூடாது. எங்கே இடிக்கிறது என்று பார்க்க மட்டும்.

உங்கள் நடுச்சுவரில் ஒரு மீட்டர் நீளத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் 12 அடி அறை. தளம் நான்கு பக்கச் சுவருக்கும் எடையைப் பகிரும் என்றாலும், மோசமான நிலையை எடுத்து, இரண்டு அறையிலும் பாதிப் பாதி இந்தச் சுவர் மேல் வருவதாக வைக்கிறேன். ஆக 3.6 மீட்டர் அகலத் தளம்.

ஐந்து இன்ச் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு சுமார் 310 கிலோ. மேலே சுண்ணாம்பு ஜல்லித் தளம், ஓடு எல்லாம் சேர்த்து 140. ஆள் நடமாட்டத்துக்கு மொட்டை மாடியில் 150 (அறையாக இருந்தால், கட்டடச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 சொல்வது 200). மொத்தம் 600 கிலோ. 3.6-ஆல் பெருக்கினால் 2.2 டன்னுக்குக் கொஞ்சம் கீழே. சுவரின் சொந்த எடை: ஒன்பது இன்ச், பத்தடி உயரம், இரு பக்கப் பூச்சு, சுமார் 1.4 டன். ஆக ஒரு மாடிக்கு, ஒரு மீட்டர் சுவருக்கு, 3.6 டன். இரண்டு மாடி என்றால் 7.2 டன்.

முதலில் சுவரைப் பார்ப்போம். 7.2 டன்னை 23 சென்டிமீட்டர் தடிப்பில் பரப்பினால் சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 0.31 நியூட்டன். சாதாரண 3.5 நியூட்டன் செங்கலுக்கும் ஆறுக்கு ஒன்று கலவைக்கும், செங்கல் சுவருக்கான விதி ஐ.எஸ். 1905 அனுமதிப்பது 0.35. சுவரின் உயரத்துக்குக் கழித்தால் அதுவும் ஏறக்குறைய 0.31-க்கு வந்துவிடும். அதாவது மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்துச் சொன்னது பொய் இல்லை. விளிம்பில்தான், ஆனால் சுவர் தாங்குகிறது. கதவு, ஜன்னல் பக்கத்தில் இருக்கும் துண்டுச் சுவர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். திறப்புக்கு மேல் இருக்கும் எடையும் அவற்றின் தலையில்தான் வரும்.

இப்போது மண். பூமிக்குக் கீழ் இருக்கும் செங்கல், கான்கிரீட் எல்லாம் சேர்த்து 1.8 டன் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு மொத்தம் 5.4 டன், அகலம் ரெண்டரை அடி, அதாவது 0.76 மீட்டர். மண் மேல் சதுர மீட்டருக்கு 7 டன். மாடி ஏறினால் மொத்த எடை 9 டன். அழுத்தம் சதுர மீட்டருக்கு 12 டன்னுக்குப் போய்விடும்.

மண்ணுக்கு ஒரு பழைய கட்டைவிரல் சோதனை உண்டு. அஸ்திவார மட்டத்தில் இருக்கும் ஈரக் களியைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். பலம் கொடுத்து அழுத்தினால்தான் பதிகிறது என்றால் சுமார் 15 டன் வரை கொடுக்கலாம். மிதமாக அழுத்தினாலே பதிந்தால் 10. விரல் சில சென்டிமீட்டர் உள்ளேயே இறங்கினால் 5. உங்கள் ஊர்க் களி, பக்கத்தில் வாய்க்கால்! எனக்கு 10-க்கு மேல் கொடுக்கக் கை வரவில்லை.

ஆக உங்கள் வீட்டில் சுவர் பாஸ், மண் ஃபெயில். சமையல்கட்டு வெடிப்பும் அதைத்தான் சொல்கிறது என்று சந்தேகிக்கிறேன். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி கலவைக் கோட்டைப் பிடித்துச் சாய்வாக ஏறுகிற வெடிப்பு பெரும்பாலும் அந்த மூலை இறங்குவதால் வருவது. வெடிப்பின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சிமெண்டுப் பாலில் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் அந்த மூலை இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

போரூர்வாசி · திங்கள் இரவு 10.50

படிக்கவே வயிற்றைப் பிசைகிறது. 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம் மழை. சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர். பெரும்பாலும் ஆந்திராவிலிருந்தும் நம் தெற்கு மாவட்டங்களிலிருந்தும் வந்த கூலித் தொழிலாளிகள். அன்றைக்குக் கூலி வாங்க நின்றவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள். நாங்கள் அப்போது இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தோம். ராத்திரி பூரா ஆம்புலன்ஸ் சத்தம். இடி விழுந்தது என்று ஆரம்பத்தில் ஒரு பேச்சு வந்தது. பக்கத்தில் அதே மாதிரி நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத்தான் தரைமட்டமாக்கினார்கள்.

அது பில்லர் கட்டடம்தான். அதனால் பில்லர் போட்டால் பயமில்லை என்று யாரும் இங்கே எழுத வேண்டாம்.

கம்பி நீட்டி வச்சவன் · செவ்வாய் காலை 8.05

நடுவுல என் சந்தேகம். எங்க வீடு பில்லர் வீடு, ஒரு மாடி. 2009-ல கட்டும்போதே பின்னால மாடி எடுக்கலாம்னு மொட்டை மாடியில பில்லர் கம்பியை ரெண்டடி நீட்டி விட்டிருக்காங்க. இப்போ எல்லாம் துருப்பிடிச்சு நிக்குது. அதுலேயே கம்பி கட்டி மேல போயிடலாமா?

பேராவூரணி கொத்தனார் · செவ்வாய் காலை 8.40

ஊர் பூரா மொட்டை மாடியில இந்தக் கம்பிதான் நிக்குது. நீட்டி விட்டா மட்டும் போதாது. சிமெண்டுப் பால் தடவி, சிமெண்ட் குறைச்ச வத்தக் கான்கிரீட்டு போட்டு மூடி வச்சிருக்கணும். யாரும் செய்யறதில்லை. துணி காயப்போட கயிறு கட்டுறதோட சரி. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சுப் பாருங்க. மேல் துரு மட்டும் போயி கம்பி வெள்ளையா வந்தா பரவாயில்லை. செதில் செதிலா உதிர்ந்து குழி விழுந்திருந்தா அதுல கட்டாதீங்க. தளத்தை ஒட்டின இடத்துலதான் ரொம்ப அரிக்கும், தண்ணி அங்கதான் தேங்கும்.

சுமைவழி · செவ்வாய் காலை 9.30

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. கூட ஒன்று. ரெண்டடி போதாது. 16 மில்லி கம்பியில் புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்ட அதன் விட்டத்தைப் போல் 50 மடங்கு ஒட்டு வேண்டும் என்று சைட்டில் வைக்கிற கணக்குப்படி 80 சென்டிமீட்டர், அதாவது ரெண்டே முக்கால் அடிக்குப் பக்கம் வருகிறது. அதை விட முக்கியம், ஃபுட்டிங் எத்தனை மாடிக்குப் போட்டது என்பது. மேலே கம்பி நீட்டி விட்ட எல்லாருமே கீழே ஃபுட்டிங்கை அதற்கு ஏற்ப அகலமாகப் போட்டிருப்பார்கள் என்று நம்பாதீர்கள். பழைய வரைபடத்தைத் தேடுங்கள். இல்லையென்றால் ஒரு பில்லரின் அடியில் தோண்டி அளந்துவிடுங்கள்.

போரூர் நண்பர் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த அகமதாபாத்தில் விழுந்தவை பில்லர் கட்டடங்கள்தான். கீழே கார் நிறுத்த வெறும் பில்லர், மேலே எல்லா மாடியிலும் சுவர். மேல் பகுதி பெட்டி மாதிரி விறைப்பாக நிற்க, ஆட்டம் அத்தனையும் கீழ்த்தளப் பில்லரில் வந்து விழுந்தது. சென்னையிலும் கோவையிலும் இப்போது கட்டுகிற ஸ்டில்ட் பார்க்கிங் எல்லாம் இதே அமைப்பு. கணக்குப் போட்டுக் கீழ்ப் பில்லரைத் தடியாக்கி, பில்லர் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ரிங்கை நெருக்கிக் கட்டினால் பயமில்லை. ரிங்கின் கொக்கி 135 டிகிரி மடங்கி பில்லருக்குள்ளே போக வேண்டும். வெறும் எல் மாதிரி 90 டிகிரி மடித்துவிட்டால், ஆட்டத்தில் மேல் கான்கிரீட் உதிர்ந்த உடனே ரிங் பிரிந்துவிடும். கம்பி கட்டுகிறவரிடம் இதை நின்று கேட்டு வாங்குங்கள். செலவு ரிங்குக்கு ஒரு சாண் கம்பிகூட இல்லை.

மன்னைக்காரன் · செவ்வாய் இரவு 8.20

சார், நீங்க போட்ட கணக்கை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "மேல எடுக்கலைன்னா அந்த ஹால் சுவத்தையாவது எடுத்துக்கலாம்ல, கல்யாணத்துக்கு நாலு பேரு உக்கார எடம் வேணும்"னு கேட்கிறாரு. அதுக்கும் ஏதாவது சொல்லுங்க.

சியோல் தமிழச்சி · செவ்வாய் இரவு 11.55

மன்னை தம்பி, நான் ஏழு வருஷமா கொரியாவில் இருக்கேன். எங்க ஆபீஸிலிருந்து கொஞ்ச தூரத்தில் யாங்ஜே காட்டுப் பூங்காவில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கு. சாம்பூங் பல்பொருள் அங்காடிக்கானது. 1995 ஜூன் 29, சாயங்காலம் ஆறு மணிக்குச் சற்று முன்னால் விழுந்தது. 502 பேர் செத்துப்போனாங்க.

உங்க வீட்டுக் கதைக்கும் அதுக்கும் தூரம் ரொம்ப. ஆனா காரணங்களைப் படிச்சா வீட்டுப் பேச்சு மாதிரியேதான் இருக்கும். ஒரு உபயோகத்துக்கு வரைஞ்ச கட்டடத்தை இன்னொண்ணுக்கு மாத்தினாங்க. நாலு மாடிக்கு மேல அஞ்சாவதா ஒண்ணு சேர்த்தாங்க, அதுல ஹோட்டல்கள். இங்கே தரையில் உட்கார்ந்து சாப்பிடுற வழக்கம், அதனால் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் வச்ச கனமான கான்கிரீட். பீம் இல்லாம தளம் நேரா தூண் மேல உட்கார்ந்த அமைப்பு. 80 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய தூண்கள் 60 சென்டிமீட்டர். நகரும் படிக்கட்டுக்காக (எஸ்கலேட்டர்) தூண்களைச் செதுக்கினாங்க. கூரையில் இருந்த பெரிய ஏசி யூனிட்கள் சத்தம் போடுதுன்னு அக்கம்பக்கத்தார் புகார் சொன்னதும், அதைத் தூக்காம உருளை வச்சுக் கூரை மேலேயே இழுத்து அந்தப் பக்கம் கொண்டுபோனாங்க. அந்தப் பாதையில் தளத்தில் வெடிப்பு.

விழுந்த அன்னிக்குக் காலையிலேயே அஞ்சாவது மாடியில் தூணைச் சுத்தி வெடிப்பு தெரிஞ்சது. மேல் மாடியை மட்டும் மூடிட்டுக் கீழே வியாபாரத்தை நடத்தினாங்க.

அந்தக் கல்லில் பெயர்களை வரிசையாச் செதுக்கியிருக்கு. ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வர்ற இடத்தில் என்னால் நகர முடியலை.

சுமைவழி · புதன் காலை 6.50

நன்றி மேடம். சாம்பூங்கில் ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னதுதான். ஆனால் எல்லாம் ஒரே தூணின் தலையில் சேர்ந்தன. பீம் இல்லாத தளத்தில் எடை கூடினால் தூண் தளத்தைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும், பழத்தில் பென்சில் நுழைவது மாதிரி.

தம்பி, அப்பாவின் நடுச்சுவர் விஷயம். அந்தச் சுவர் இன்று மீட்டருக்கு 2.2 டன் தளத்தைத் தாங்குகிறது. 12 அடிச் சுவரை எடுத்து பீம் வைத்தால், பீமின் எடையும் சேர்த்து எட்டு ஒன்பது டன்னை இரண்டு முனைகளில் இறக்குகிறீர்கள். முனைக்கு நாலு நாலரை டன். ஒன்பதுக்கு ஒன்பது இன்ச் செங்கல் மேல் பீம் நேராக உட்கார்ந்தால் அந்த இடத்தில் அழுத்தம் 0.8 நியூட்டன், அனுமதி 0.35. இது மாடி எடுக்காமலே வருகிற கணக்கு! மாடியும் எடுத்து, மேல் சுவரும் அதே பீம் மேல் நின்றால் முனைக்கு 11 டன்னுக்குப் பக்கம் வரும்.

பீம் ஒடியும் என்று பயப்படத் தேவையில்லை, பீமை எவ்வளவு பலமாக வேண்டுமானாலும் போடலாம். பீம் உட்காரும் செங்கல்தான் நொறுங்கும். அதற்கும் கீழே, முழு நீளத்துக்கும் பரவியிருந்த எடை இரண்டு புள்ளியில் இறங்குவதால் அந்த இரண்டு இடத்தில் மட்டும் மண் அமுங்கும். செய்தே ஆக வேண்டும் என்றால் இரு முனையிலும் தரைக்கு அடியிலிருந்து புதுப் பில்லர் எழுப்பி, தளத்துக்குக் கீழே இரும்பு முட்டு கொடுத்து, பீம் போட்டு 14 நாள் கழித்துத்தான் முட்டைப் பிரிக்க வேண்டும். கல்யாண அவசரத்தில் செய்கிற வேலை இல்லை இது. நாலு பேர் உட்காரத் திண்ணைக்கு முன்னால் பந்தல் போடலாம்.

வேதாரண்யம் டீச்சர் · புதன் மாலை 5.35

எடை குறைந்த மாடியாக எடுத்தால் என்ன சார்? எங்கள் தெருவில் இரண்டு பேர் வெயிட் இல்லாத ஏஏசி கல்லில் (காற்றுக் குமிழ் நிறைந்த கான்கிரீட் கல்) சுவர் வைத்து, மேலே ஷீட் போட்டிருக்கிறார்கள். தாங்குகிறது என்கிறார்கள்.

ஆனால் ஒன்று. 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல். எங்கள் வீட்டு ஷீட் முதலில் ஒரு மூலையில் படபடவென்று அடித்தது. பிறகு ஆணியோடு பிய்த்துக்கொண்டு மேலே போயிற்று. கீழே விழவில்லை, மேலே போயிற்று. இரண்டு வீடு தள்ளித் தென்னை மரத்தில் சுற்றிக்கொண்டு கிடந்தது. என் பெண்ணைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி அவள் மேல் நான் படுத்துக் கிடந்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஷீட் என்றாலே பயம்.

சுமைவழி · புதன் இரவு 9.40

டீச்சர், இந்த இழையிலேயே முக்கியமான விஷயத்தை நீங்கள்தான் சொன்னீர்கள். நாங்கள் இரண்டு நாளாகக் கீழே இறங்கும் எடையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஷீட்டின் சொந்த எடை சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ அளவுதான். காற்று மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் அதன் அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 100 கிலோ. கூரை ஓரங்களில் அது மேல்நோக்கி உறிஞ்சும், மூலையில் இன்னும் அதிகமாக. கான்கிரீட் தளத்துக்கு இது பொருட்டே இல்லை, அதன் எடையே அதைப் பிடித்து வைத்துவிடும். ஷீட்டுக்கு அந்தக் காவல் இல்லை. அதனால் ஷீட்டிலிருந்து அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின், பர்லினிலிருந்து முக்கோணச் சட்டமான ட்ரஸ், ட்ரஸ்ஸிலிருந்து சுவர் உச்சியில் ஓடும் கான்கிரீட் பெல்ட், அங்கிருந்து கீழ்த்தளம் என்று போல்ட்டும் கம்பியுமாகத் தொடர்ந்து கட்டிக்கொண்டே வர வேண்டும். ஆணி போதாது. ஏஏசி கல்லின் உச்சியில் வெறும் ஸ்க்ரூவை முறுக்கி ட்ரஸ்ஸை நிறுத்தினால் அந்தக் கல்லோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு போகும்.

எடைக் கணக்கில் நீங்கள் சொன்ன யோசனை நல்லது. எட்டு இன்ச் ஏஏசி சுவர் பூச்சோடு மீட்டருக்கு அரை டன்னுக்குக் கொஞ்சம் மேல். ஷீட், ட்ரஸ் சேர்த்தாலும் கூடுதல் ஒரு டன்னைச் சுற்றித்தான், செங்கல் மாடிக்கு ஆன 3.6 எங்கே! மன்னை தம்பி வீட்டில் அஸ்திவாரம் நிஜமாகவே ரெண்டரை அடி இருந்தால் மண் மேல் அழுத்தம் எட்டரை டன். யோசிக்கலாம்.

நிஜமாகவே ரெண்டரை அடி இருந்தால்.

பேராவூரணி கொத்தனார் · புதன் இரவு 11.10

சார், நான் ஒண்ணு சொல்லணும். மூணு நாளா சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன்.

2006-ல பட்டுக்கோட்டை பக்கம் ஒரு வீட்டுக்கு மாடி எடுத்தேன். பழைய சுவர் வீடு. நானும் தட்டிப் பார்த்துட்டு தாங்கும்னுதான் சொன்னேன். செங்கல் நல்லா வெந்த கல்லு, கணீர்னு சத்தம் வந்துச்சு. அடியில தோண்டிப் பார்க்கலை. தளம் போட்டு ரெண்டு மழைக்காலம் ஒண்ணும் இல்லை. மூணாவது கார்த்திகையில பின்பக்கச் சமையல்கட்டு மூலை இறங்கிருச்சு. கதவு நிலையில மாட்டிக்கிட்டு திறக்கலை. வீட்டுக்காரம்மா போன் பண்ணி, "மேஸ்திரி, ராத்திரியில சுவரு டப்புன்னு சத்தம் போடுது"ன்னாங்க. போய் முட்டு கொடுத்து, மூலையைத் தோண்டினா அந்தப் பக்கம் மட்டும் அஸ்திவாரம் ஒண்ணரை அடிதான் அகலம். காசு பத்தாம அப்பவே குறைச்சிருக்காங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலை, மாரியாத்தா புண்ணியம். என் கைக்காசு போட்டு அடியில கான்கிரீட்டு கொடுத்தேன். அதுவும் ஒரே மூச்சா தோண்டாம மூணு மூணு அடியா, ஒண்ணு விட்டு ஒண்ணு தோண்டி.

மன்னை தம்பி, அப்பா ஞாபகத்தை நம்பாதீங்க. அவரைக் குறை சொல்லலை. அன்னிக்குக் குழிக்குள்ள என்ன நடந்துச்சுன்னு குழிக்குள்ள நின்னவனுக்குத்தான் தெரியும். வெடிப்பு விட்ட மூலையில ஒரு குழி போடுங்க. மூணடி நீளத்துக்கு மேல திறக்காதீங்க. மழை இல்லாத நாளா பார்த்துப் போடுங்க.

சுமைவழி · வியாழன் காலை 7.00

அண்ணா, இதை எழுதியதற்கு உங்களுக்கு என் வணக்கம். நான் எழுதிய மொத்தக் கணக்கையும் விட இது பெரியது.

மன்னைக்காரன் · ஞாயிறு மாலை 6.15

நேத்து குழி போட்டாச்சு. கொத்தனார் அண்ணன் சொன்ன மாதிரி சமையல்கட்டு மூலையில மூணடி நீளம். அப்பாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாரு. மூணே முக்கால் அடியில ஜல்லி கான்கிரீட்டோட அடி வந்துச்சு. டேப் பிடிச்சேன். ரெண்டு அடி. ரெண்டரை இல்லை.

குழிக்குள்ள இறங்கி அடி மண்ணைக் கட்டைவிரலால அழுத்தினேன் சார். பெரிசா பலம் கொடுக்கலை. வெண்ணெயில இறங்கற மாதிரி இல்லை, ஆனா நகம் முழுக்கப் பதிஞ்சுது. அதோட சமையல்கட்டு கழிவுத் தண்ணி போற குழாய் அந்த மூலையிலதான் உடைஞ்சு ஊறிக்கிட்டு இருக்கு. எத்தனை வருஷமோ தெரியலை.

சுமைவழி · ஞாயிறு மாலை 7.05

ரெண்டு அடி என்றால் 0.6 மீட்டர். இன்றைக்கே மண் மேல் 9 டன் நிற்கிறது. செங்கல் மாடி எடுத்தால் 15. ஷீட் மாடி எடுத்தாலும் 10-ஐத் தாண்டும். இந்த மண்ணுக்கு எதுவுமே வேண்டாம். பழைய வீட்டின் தலையில் ஒரு கல்லும் ஏற்றாதீர்கள். முதல் வேலையாக அந்தக் குழாயை மாற்றுங்கள். களிமண் ஒரு மூலையில் மட்டும் ஊறிக்கொண்டிருந்தால் அந்த மூலை இறங்கத்தான் செய்யும். குழாய் மாற்றி, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கண்ணாடித் துண்டு உடையாமல் இருக்கிறதா பார்த்துவிட்டு வெடிப்பைப் பூசி அடைத்துவிடுங்கள்.

மாடிதான் வேண்டும் என்றால் பழைய சுவருக்கு வெளியே தனி ஃபுட்டிங், தனிப் பில்லர் எழுப்பி, பழைய வீட்டைத் தொடாமல் அதற்கு மேல் தளம் நிற்க வைக்க வழி உண்டு. ஆனால் பழைய அஸ்திவாரத்தை ஒட்டியே வானம் தோண்ட வேண்டியிருக்கும், இந்தக் களியில் அதுவே தனி ஆபத்து. செலவும் புது வீட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பின்னால் இடம் இருக்கிறதா?

மன்னைக்காரன் · ஞாயிறு இரவு 9.30

இருக்கு சார். பழைய மாட்டுக் கொட்டகை இருந்த இடம், முப்பதுக்கு இருபத்தஞ்சு. இப்போ மாடு இல்லை. அப்பா அவராவே சொல்லிட்டாரு, "அங்க தனியா கட்டிக் கொடுத்துடு, அம்மா சமையல்கட்டுலேர்ந்து கூப்பிட்டா கேட்கிற தூரம்தான்"னு. தம்பியும் சரின்னுட்டான். தை மாசத்துக்கு முடியாது, அதுவரைக்கும் முன் ரூம்ல இருக்கட்டும். மண் பரிசோதனைக்கு தஞ்சாவூர்லேர்ந்து புதன்கிழமை வர்றாங்க. டேங்க்கை மாடியில வைக்காம கொல்லைப்பக்கம் தனியா ஸ்டாண்டு கட்டி வைக்கிறோம். நாங்க கூப்பிட்ட மேஸ்திரிகிட்டயும் குழியைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "நல்ல வேளை தோண்டினீங்க தம்பி"ன்னாரு. புது வீட்டு வேலையை அவர்கிட்டயே கொடுக்கலாம்னு இருக்கோம்.

பேராவூரணி கொத்தனார் · ஞாயிறு இரவு 9.55

நல்லது தம்பி. குழியை அப்படியே திறந்து வச்சிடாதீங்க, நாளைக்கே குழாயை மாத்திட்டு மூடிடுங்க. எடுத்த களியையே திரும்பக் கொட்டித் தள்ள வேண்டாம். கிராவல் மண்ணு வாங்கி அரை அடி அரை அடியா போட்டு, லேசா தண்ணி தெளிச்சு, ஒவ்வொரு அடுக்குக்கும் திமிசுக் கட்டையால நல்லா அடிங்க. மேல சரிவு கொடுத்துப் பூசிடுங்க, கூரைத் தண்ணி அந்த மூலைக்கு வராம.